கெட்டி ஃபிளைவீலு

விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தம்பதி. வளைகாப்பு முடிந்த மகளை அழைத்துவரப் போகிறார்களாம்.

“வாசல்ல டீசல் காரு நிக்குது, நம்பள பஸ்ஸுல ஏத்திட்ட” என்றார் கணவர்.

“அத ஸ்டார்ட் பண்ணா ஷோகேஸ்ல இருக்குற பீங்கான் பொம்மையெல்லாம் தலையாட்டுதுங்க. மாசமா இருக்குற பொண்ண அதுல ஏத்துறதா? சம்மந்தி வூட்டு வண்டியிலயே கொண்டாந்து விடட்டும்.”

“எஞ்சின் ஆட்டத்த வாங்கிக்குற ஸ்பிரிங் வச்ச ஃபிளைவீலு போயிடுச்சு. அதான் ஸ்பிரிங்கே இல்லாம கெட்டி இரும்புல மாத்திட்டேன். இனிமே ஜென்மத்துக்கும் போவாது.”

“அது போவாது. ஏறுனவங்க இடுப்புதான் போவும்.”



“பேரப்புள்ள அழுதா என் காருல போட்டுத்தான் தூங்க வைக்கணும், பாரு.”

“புள்ள தூங்கிடும். தெருவே முழிச்சிக்கும்.”