யாரிடமும் சொல்லவில்லை

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது மேடம். மூன்று மாடி ஏறினால் எல்லோருக்கும் இப்படித்தான் மூச்சு வாங்கும். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம்.

ஆறு வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு. என் சமையலறை ஜன்னல் அதைப் பார்த்தபடி இருக்கிறது. யார் எதை வாங்கி வருகிறார்கள், யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்பதையெல்லாம் நான் தேடிப்போய்த் தெரிந்துகொள்வதில்லை. வெங்காயம் நறுக்கும்போது கண்ணில் படுகிறது. கண்ணில் பட்டதை உள்ளேயே வைத்திருந்தால் எனக்குச் செரிக்காது, அவ்வளவுதான். உங்கள் காக்கிச் சட்டையில் இரண்டாவது பொத்தான் வேறு நூலில் தைத்திருப்பதும் நீங்கள் வாசலில் நின்றபோதே கண்ணில் பட்டது. அவசரத்தில் தைத்தது போல.

நீங்கள் அந்த நர்ஸ் பெண்ணைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். எதிர்வீட்டுக்காரியை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் விசாரித்தேன், போன் செய்தேன் என்கிறாள். உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நம்புங்கள். செய்தாள். எடுத்துப் பேசியது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

எதிர்வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது சின்னவள். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கப் போவோம். நடந்ததைவிடப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியதுதான் அதிகம். அவளும் குண்டு, நானும் குண்டு; அதனால் எங்களுக்குள் பொறாமைக்கு இடமில்லை. அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. ஊருக்கு வந்து மூன்று வருடமாகிவிட்டது. போனில் முகம் பார்த்துப் பேசும்போது இவள் கையை நன்றாக மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வாள், கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாதபடி. மூன்று வருடம் அந்த மனிதர் மனைவியின் தலையோடு குடும்பம் நடத்தினார்.

அவர் வருகிறார் என்று தகவல் வந்ததும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷனைப் பற்றி எங்கேயோ பார்த்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒரே தடவையில் ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் உடம்பில் இருக்கும் தண்ணீர்க் கணக்கே குலைந்துவிடும், ரத்த அழுத்தம் இறங்கலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம், கொழுப்புத் துணுக்கு ரத்தத்தில் போய் அடைக்கலாம், அவ்வளவு எடுத்தால் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் கவனிக்க வேண்டும், அதைவிட இரண்டு மூன்று தடவையாக, மாதக்கணக்கில் இடைவெளி விட்டுச் செய்வது நல்லது என்றார். இது எடை குறைக்கிற வைத்தியமே இல்லை என்றும் சொன்னார். இவள் வெளியே வந்து, "அந்தம்மாவுக்குத் தொழில் தெரியலக்கா" என்றாள்.

பிறகு தொழில் தெரிந்தவரைக் கண்டுபிடித்தாள். செருப்புக் கடைக்கு மேலே, கண்ணாடிக் கதவு போட்ட கிளினிக். ராத்திரி தங்க ஒரு கட்டில்கூடக் கிடையாது. கத்திரிக்காய் பேரம் பேசுவது போல, "எல்லாத்தையும் ஒரே தடவையில எடுத்துடுங்க டாக்டர், அவர் வந்துடுவாரு" என்றாள். அவரும் எடுத்துவிட்டார். ஒன்பது லிட்டர். அந்த இடத்தில் ஒரு வழக்கம்: எடுத்ததைக் கண்ணாடி ஜாடிகளில் கொண்டுவந்து கூட வந்தவர்களிடம் காட்டுவார்கள். பிரசவ வார்டில் குழந்தையைக் காட்டுகிற அதே சிரிப்பு. மஞ்சளாக, மேலே நுரை கட்டி, அடியில் சிவப்புத் தண்ணீரோடு இருந்தது. டாக்டர் என்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் பண்ணிடலாமா" என்றார். அவரை நீங்கள் உள்ளே வைத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

கூட இருப்பதற்கு அவள் ஏன் என்னைப் பிடித்தாள் என்று கேட்பீர்கள். வீட்டில் ஒரு துணை இருந்தால்தான் அனுப்புவோம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வேறு ஆள் இல்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் என் சமையலறையில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"உங்ககிட்ட சொல்றதும் மைக் வச்சு சொல்றதும் ஒண்ணுதான்னு தெரியும்க்கா. என்ன பண்றது, வேற நாதி இல்ல. ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் அவர் காதுக்குப் போயிடும். நடந்தே இளைச்சேன்னுதான் சொல்லப் போறேன். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டடத்தில் எனக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது அவள். போன வருடம் தண்ணீர்த் தொட்டி விஷயமாக மொட்டை மாடியில் எல்லோரும் கூடியிருந்தபோது நான் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். "யாராவது அந்த ரேடியோவ அணைங்கப்பா, மோட்டார் சத்தம் கேக்கல" என்றாள். ஆறு வீடும் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து குழந்தைகள் படியில் இறங்கும்போதே, "ரேடியோ ஆன்ட்டி, இன்னைக்கு என்ன செய்தி?" என்று கேட்க ஆரம்பித்தன. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கதை புரிவதற்காகச் சொல்கிறேன்.

நர்ஸ் பெண் நல்ல பெண். டாக்ஸி வரை வந்து விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்: "மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, யூரின் சரியா போகலைன்னாலோ உடனே எனக்கு போன் பண்ணணும்மா. தையல் போட்ட ஓட்டையிலிருந்து தண்ணி கசியும், அதுக்கு பயப்படாதீங்க. இந்த மூணுக்கு பயப்படுங்க." இரண்டு தடவை சொன்னாள். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டதை அப்படியே சொல்வதில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

முதல் நாள் ஒன்றுமில்லை. மார்பிலிருந்து முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற உடுப்பு ஒன்றை மாட்டி அனுப்பியிருந்தார்கள். அவள் வீட்டுப் படுக்கையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டேன். இளஞ்சிவப்புத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது, துடைத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் நர்ஸ் கூப்பிட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். அப்போது அது உண்மை.

மறுநாள் காலையில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். பாத்ரூம் போகவே இல்லை. கை சில்லென்று இருந்தது, நெற்றி வியர்த்தது. எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டுகிறது என்றாள். நர்ஸ் கூப்பிட்டாள். நன்றாக இருக்கிறாள், அசந்து தூங்குகிறாள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், ஆம்புலன்ஸ் வந்தால் ஆறு வீட்டுக் கதவும் திறக்கும். அவள் ரகசியம் போய்விடும். என்னை நம்பிச் சொன்னது இல்லையா.

அவள் போனில் கணவர் கூப்பிட்டார். குளிக்கிறாள் என்றேன்.

பிறகு கீழ்வீட்டுக் கார் டிரைவர் ஏணி கேட்டு வந்தார். அவர் கார் வாசலிலேயே நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அவர் ஓட்டினால் கால் மணி நேரம்கூட ஆகாது. அவரோடு கதவருகே நின்று ரொம்ப நேரம் பேசினேன். இரண்டாம் மாடியில் ஒழுகும் குழாய், அதற்கு அந்த வீட்டு மருமகள் சொன்ன பதில், அவருடைய மச்சினன் விட்டுவிட்டு வந்த வேலை. உள்ளே அவள் மூச்சு இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை, நான் பேசிக்கொண்டிருந்தேன். "சரிக்கா, உங்ககிட்ட மாட்டினா பொழுது போயிடும்" என்று சிரித்துக்கொண்டே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

உள்ளே போனேன். அவள் ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்தாள்.

"அக்கா... யாரையாவது... கூப்பிடுங்க."

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினியே."

"பரவால்லக்கா. சொல்லுங்க."

"ரேடியோ வாயைத் திறந்தா ஆறு வீட்டுக்கும் கேக்குமேம்மா. உங்க வீட்டுக்காரருக்கும் கேக்கும். பரவால்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஆறேழு வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக நான் பேசியதை முழுசாகக் காதில் வாங்கியது போல இருந்தது. "மன்னிச்சிடுங்கக்கா" என்றாள்.

அப்போதே கூப்பிட்டிருக்கலாம். எண் கையில்தான் இருந்தது. ஆனால் மன்னிப்பு என்பது நிதானமாகக் கேட்க வேண்டியது மேடம். மூச்சுக்குத் தவிக்கும்போது கேட்டால் அதில் என்ன மனசு இருக்கும்? கொஞ்சம் தெளிந்து, இன்னொரு தடவை சரியாகச் சொல்லட்டும் என்று அருகில் உட்கார்ந்தேன். அவள் தெளியவில்லை. பேச்சு குழறியது. என்னைக் கணவர் என்று நினைத்துக்கொண்டாள். "நடந்தே இளைச்சேன், பாருங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

மத்தியானம் நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். குரலில் கவலை இருந்தது. "யூரின் போனாங்களாம்மா? அவங்ககிட்ட போனைக் குடுங்க, ஒரு வார்த்தை பேசறேன்." நன்றாகப் போனாள், இப்போதுதான் கண் அயர்ந்தாள், எழுப்பாதே என்றேன். "நீங்க இருக்கறதால நிம்மதிம்மா" என்றாள்.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடுப்பைக் கழற்றிவிட்டு, நல்ல புடவையால் போர்த்திவிட்டுத்தான் டிரைவரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் பேராசைக்காரர். எடுக்கக்கூடாததை எடுத்தார், படுக்க வைக்க வேண்டியவளை டாக்ஸியில் ஏற்றினார். அதை அவர் கணக்கில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் அவள் பிழைத்திருப்பாள். பிழைக்க விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். இதை என் கணக்கில் எழுதுங்கள், நர்ஸ் பெண்ணை விட்டுவிடுங்கள். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். ஒரு ரகசியத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று இனி யாரும் என்னைச் சொல்ல முடியாது.

புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன், போகலாம். படியில் இறங்கும்போது யாராவது என்ன ஏது என்று கேட்டால் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் மேடம். ஆறு வீட்டுக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன்.