பூனை வழி

சீசன் முடிந்து துரைமார்கள் கீழே இறங்கியதும் எங்கள் ஊரில் பூனைகள் கூடிவிடும். இது கீழேயிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. சித்திரையில் குடும்பத்தோடு கொடைக்கானலுக்கு வருகிறவர்கள், பிள்ளைகள் விளையாடுவதற்கு ஒரு குட்டியை வாங்கிக்கொள்வார்கள். பங்களாவைப் பூட்டிக்கொண்டு புறப்படும்போது மோட்டாரில் பெட்டி ஏறும், படுக்கை ஏறும், நாய் ஏறும். பூனை ஏறாது. பூட்டிய கதவுக்கு முன்னால் அது சில நாள் உட்கார்ந்திருக்கும். பிறகு ஏரிக்கரையோரமாக நடந்து கடைவீதிக்கு வந்து சேரும்.

நான் கொத்தனார். பெயர் நல்லுசாமி என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பங்களாக்களில் நெருப்பு மூட்டும் கணப்பு கட்டுவதும் புகைக்கூண்டைச் செப்பனிடுவதும் என் தொழில். வீடுகள் காலியாக இருக்கும் மாதங்களில்தான் எனக்கு வேலை இருக்கும். ஆகவே பூனைகளின் பழக்கம் எனக்குத் தானாக வந்தது. நான் கட்டிய கணப்புக்குள் அவை சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு வெறுமனே போக முடியவில்லை.

நான் ஒருவன் மட்டும் அவற்றைக் காப்பாற்றினேன் என்று சொல்ல மாட்டேன். கறிக்கடை இப்ராம்சா சவ்வையும் நுரையீரலையும் எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார். ஆப்பக்கடை ரஹ்மத் பீவி காலையில் மிஞ்சிய பாலைச் சோற்றில் ஊற்றித் தருவார். நான் எல்லாவற்றையும் ஒரு தகர டின்னில் வாங்கி, கிழங்கு மண்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பேன். குளிர் இறங்கியதும் பழைய சாக்குகளைக் கிழித்துப் படுக்கை போடுவேன். கண்ணில் பீளை கட்டினால் வெந்நீரில் துணி நனைத்துத் துடைப்பேன். அவற்றில் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. தரையில் வைத்த சோற்றைத் தொடாது, தட்டு வேண்டும். கடைவீதியில் அதைத் துரைசானி என்று கூப்பிட்டார்கள். ஐப்பசியில் அது குட்டி போட்டது.

அதே ஐப்பசியில்தான் ஞானவேல் முதலாளி வத்தலக்குண்டிலிருந்து கருவாடும் மிளகாயும் கொண்டு வந்து, மண்டிக்குக் கீழே மூட்டை அடுக்கும் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்தார். சரக்குக்குக் காவலாக அதற்குள்ளேயே படுத்துக்கொண்டார்.

அந்தக் கிட்டங்கியின் சுவரைக் கட்டியவன் நான். இங்கே எந்தக் கிட்டங்கி கட்டினாலும் சுவரின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை விடுவோம். பூனை வழி என்று அதற்குப் பெயர். எலிக்காகப் பூனை வந்து போகும். இன்னொரு காரியமும் அதனால் நடக்கிறது. மார்கழியில் இங்கே கரிச்சட்டி வைத்துக்கொண்டுதான் படுப்பார்கள். கரி நன்றாகக் கனிந்த பிறகு புகையே தெரியாது. ஆனால் மூச்சைக் குடிக்கும் ஒரு காற்று அதிலிருந்து வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது போகவும் நல்ல காற்று வரவும் அந்த ஓட்டைதான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த மலையில் பிறந்தவன் பூனை வழியை அடைக்க மாட்டான், அவ்வளவுதான்.

பூனைகள் எலியை விட்டுவிட்டுக் கருவாட்டைத் தின்றன. முதலாளிக்குக் கோபம் வந்தது. அது நியாயம்தான். கூடைகளை விட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். அவர் கேட்கவில்லை.

ஒரு சந்தை நாளில் டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன். ரஹ்மத் பீவியின் கடை வாசலில் முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன கொத்தனாரே, மாமியா வீட்டுக்குச் சாப்பாடு போகுதாக்கும்?"

நான் டின்னைக் கை மாற்றிக்கொண்டேன்.

"அந்தத் துரைசானிக்கு மட்டும் தட்டுல பரிமாறுறீங்களாமே. கட்டிக்கிட்டீங்களா, வச்சுக்கிட்டீங்களா? குட்டிக வேற உங்க சாடையாத்தான் இருக்குங்கிறாக."

எல்லோரும் சிரித்தார்கள். ரஹ்மத் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போங்க முதலாளி, அண்ணன் பாவம்" என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் முதல் கடைவீதியில் எனக்குப் பூனைப் புருசன் என்று பெயர்.

எங்களுக்குள் முன்விரோதம் உண்டா என்று நீங்கள் கேட்டதால்தான் இதைச் சொல்கிறேன். விரோதம் கிடையாது. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அன்று தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் காப்பிக்கொட்டை நிறத்தில் கம்பளி மப்ளர் சுற்றியிருந்தார். முதலில் சிரித்தவர் இப்ராம்சா. சிரித்த பிறகு என்னைப் பார்த்துவிட்டு, இறைச்சியை வெட்டக் குனிந்துகொண்டார். முதலாளியின் கீழ்ப்பல்லில் வெற்றிலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

போகும்போது அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "இன்னொருவாட்டி உள்ள வந்துச்சுன்னா பூராத்தையும் ஒழிச்சுக்கட்டிருவேன், பாத்துக்கங்க."

மார்கழியில் ஒரு விடியலில் மண்டிக்குப் பின்னால் போனபோது, புல்லெல்லாம் உறைபனியாக இருந்தது. அதன்மேல் பூனைகள் கிடந்தன. முதுகு வில்லாக வளைந்து, கால்கள் விறைத்து, வாயோரம் நுரை காய்ந்திருந்தது. பக்கத்தில் கருவாட்டுத் துண்டுகள். துரைசானி குழாயடி வரை போயிருந்தது. தண்ணீருக்குத் தவித்திருக்கும். நான் சாக்கில் அள்ளிக்கொண்டுபோய், ஆளில்லாத பங்களா ஒன்றின் பேரிக்காய் மரங்களுக்கு நடுவில் புதைத்தேன். அன்று கடைவீதியில் யாரும் சிரிக்கவில்லை. ரஹ்மத் பீவி அழுதார்.

"கருவாட்டு வேலைன்னா வேற யாரு, அந்த மனுசன்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு கடையாக ஏறி, "எம் பிள்ளைக மேல சத்தியமா நான் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். யாரும் நம்பவில்லை. அவருக்கு வெற்றிலைகூட யாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் என் குடிசைக்கு வந்தார். மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கொத்தனாரே, அந்தப் பொந்தை அடைச்சுக் குடுத்திருங்க. இன்னைக்கே வெரசா வந்து முடிச்சிருங்க."

பூனைகளையெல்லாம் கொன்றுவிட்டு இன்னும் என்ன பயம் என்று நினைத்தேன். அப்போதுதான் தீர்மானித்தேன். ஆத்திரம் எதுவும் இல்லை. சுவர் வைக்கும்போது சில கல் தட்டாமல் கொத்தாமல் தானாகப் போய் உட்காரும். அந்த மாதிரி இருந்தது. இந்த ஊரில் வேறு எந்தக் கொத்தனாரிடம் கேட்டிருந்தாலும், "உள்ள கரிச்சட்டி வச்சுப் படுக்கிறீங்க, பொந்தை அடைக்கவே கூடாது முதலாளி" என்று சொல்லியிருப்பான். நான், "ஆகட்டும்ங்க" என்றேன்.

செம்மண்ணைச் சலித்தேன். வைக்கோலை நறுக்கிப் போட்டு, சாணமும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்து மிதித்தேன். நல்ல மண் விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டும். உச்சிப்பொழுதுக்கு அந்தப் பதம் வந்தது.

அப்போது ஆண்டிச்சாமி வந்தான். மேலே உள்ள ஒரு பங்களாவுக்கு அவன் காவல்காரன். வந்தவன் மண்குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, ஒரு பாவம் பண்ணிட்டேண்ணே. நரி வந்து கோழியப் பூரா தூக்கிட்டுப் போயிருச்சு. துரை வந்தா என்னையத்தான் கேப்பாரு. அதான் கருவாட்டுல மருந்தத் தடவி வேலியோரமாப் போட்டேன். பூனைக கவ்விக்கிட்டுக் கீழ எறங்கும்னு நெனைக்கலண்ணே."

நான் அவனுக்குச் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

"அந்த முதலாளி மேல வீணாப் பழி விழுகுது. நான் போயிக் கடைவீதில சொல்லிரட்டுமாண்ணே?"

"இன்னைக்கு வேணாம். எல்லாரும் கோவத்துல கெடக்காங்க. நாளைக்கு வெள்ளனே சொல்லிக்கிறலாம்."

"உங்களுக்கு என் மேல கோவம் இல்லையாண்ணே?"

இல்லை என்றேன். அது உண்மை. ஆண்டிச்சாமி நல்லவன். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவன், வேறு எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவனுக்கு ஒரு கெடுதல் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவன் போன பிறகு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் யோசிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆனால் மண் குழைத்தாயிற்று. குழைத்த மண்ணை அப்படியே விட்டால் காய்ந்துவிடும். மறுபடி தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பழைய பிடிப்பு இருக்காது. தொழில் தெரிந்தவன் மண்ணை வீணாக்க மாட்டான். கூடையில் அள்ளிக்கொண்டு புறப்பட்டேன்.

முதலாளி மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி. துரைசானி போட்டவற்றில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கருவாட்டை நனைத்துச் சோற்றில் பிசைந்து விரல் நுனியில் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"மூட்டைக்குப் பின்னால கத்திக்கிட்டுக் கெடந்துச்சு கொத்தனாரே. திருட்டுக் கழுதைன்னு வெளிய வீசத்தான் தூக்குனேன். சட்டையக் கவ்விக்கிட்டு விட மாட்டேங்குது. எவனோ வச்ச மருந்து இன்னும் எங்கெங்க கெடக்குதோ. இது பொந்து வழியா வெளிய போனா செத்துரும். அதுக்குத்தான் அடைக்கச் சொன்னேன்."

நான் குனிந்து பூனை வழியில் கல் வைத்தேன்.

"அன்னைக்குச் சந்தையில வாய்த்துடுக்காப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிறாதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க முதலாளி."

"பெரிசாகட்டும், உங்ககிட்டயே குடுத்திருறேன். நமக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்று சொல்லிவிட்டு அதன் தாடையைச் சொறிந்தார்.

ஓட்டையை அடைத்து முடித்தேன். அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏணியைச் சாத்தி ஏறி, தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கைச் சுற்றிலும் பூசினேன். ஜன்னல் பலகையின் விளிம்புகளிலும், கதவு நிலையின் வெடிப்பிலும் மண் வைத்து விரலால் அழுத்தினேன். அவை நானாகச் செய்தவை. அந்த வேலையை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். ஒரு கீறல் இருக்காது.

"இவ்வளவு பூசிட்டீங்க, ராத்திரி கரிச்சட்டி வச்சுக்கிறலாம்ல?" என்று கேட்டார்.

நீங்கள் இந்த இடத்தைத்தான் இரண்டு தரம் சொல்லச் சொன்னீர்கள். அவர் கேட்டார். எனக்குத் தெரியாமல் இல்லை.

"தாராளமா வச்சுக்கங்க முதலாளி. கரியக் கொஞ்சம் கூடவே போடுங்க. இன்னைக்குப் பனி சாஸ்தி."

அவர் எனக்குக் கும்பிடு போட்டார்.

மறுநாள் காலையில் பஸ்ஸில் வந்த சரக்கை இறக்கக் கூலிகள் கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. உடைத்தபோது நானும் அங்கே நின்றேன். கரிச்சட்டியில் சாம்பல்தான் இருந்தது. அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவர் மாதிரி இருந்தது. குட்டி அவருடைய மப்ளருக்குள் இருந்தது.

கீழ்நாட்டு ஆள், மலைக் குளிருக்குப் பழக்கமில்லை, விவரம் தெரியாமல் கரிச்சட்டி வைத்துச் செத்துப்போனார் என்று நீங்கள் எழுதி முடித்தீர்கள். ஆண்டிச்சாமியும் கடைவீதியில் நடந்ததைச் சொல்லிவிட்டான். இப்போது ரஹ்மத் பீவி அவருக்காக அழுகிறார். இப்ராம்சா அவருடைய பிள்ளைகளுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்கிறார். பாவம், நல்ல மனுசன் என்று ஊரே பேசுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? அவர் விவரம் தெரியாமல் சாகவில்லை. தண்டிக்கப்பட்டார். அதை யாரும் தெரிந்துகொள்ளாவிட்டால் நான் செய்த வேலைக்கு அர்த்தமில்லை. ஆகவேதான் நானாக நடந்து வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஞானவேலைக் கொன்றவன் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

குட்டி உள்ளே இருப்பது தெரிந்துமா அடைத்தாய் என்று கடைசியாகக் கேட்டீர்கள். தெரியும். அதை வெளியே எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம், அவர் கொடுத்திருப்பார். எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை. தாயைக் கொன்றவன் கையால் சோறு தின்ற குட்டி அது.