ஆறிய காலுக்கு முன் படம்

எனக்குச் சீழ் நாற்றம் ஆகாது, சார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினால்கூட அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன் ஞாயிறுதோறும் புண்ணுக்குக் கட்டுப் போடும் இடத்துக்குப் போய்ச் சும்மா படம் எடுத்துக் கொடுத்தேன் என்றால் அதற்கு எவ்வளவு மனசு வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

நான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம். நாள் முழுக்க முகங்கள்தான். எண்ணெய் வழியும் முகம், பல்லிடுக்கில் சாப்பாடு ஒட்டிய முகம். ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, சர்க்கரை வியாதியில் கால் புண்ணானவர்களுக்கு இலவசமாகக் கட்டுப் போட்டுவந்தார். பஞ்சுக்கே திண்டாட்டம். உதவி செய்யக்கூடியவர்களிடம் காட்டப் படம் வேண்டும் என்றார். நானே முன்வந்தேன். புண்ணோடு ஒரு படம், ஆறியபின் அதே கோணத்தில் ஒரு படம். இரண்டையும் அருகருகே வைத்தால் வேறு பேச்சே தேவையில்லை.

மற்ற தன்னார்வலர்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். நோயாளி தோளில் கைபோட்டுச் செல்ஃபி எடுப்பார்கள். ஒருவன் ஒரு பெரியவரின் கண்ணில் கிளிசரின் விட்டு அழவைத்தான். அவனோடு பேச்சையே குறைத்துக்கொண்டேன். என் படத்தில் பொய் இருக்காது.

இஸ்திரி அக்கா அங்கேதான் வந்தார். ஒரு சலவைக்கடையில் நாள் முழுக்க நின்று துணி தேய்ப்பவர். குதிகாலில் புண். ஆறும்வரை வேலையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். கால் ஊன்ற முடிந்தால் அந்த வேலை, இல்லாவிட்டால் மகள் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான்.

"தம்பி, என் மூஞ்சி வருமா படத்துல?"

"கால் மட்டுந்தான்க்கா."

"நல்லதாப் போச்சு. பவுடர் செலவு மிச்சம்."

அந்தப் படம் நான் எடுத்ததிலேயே சிறந்தது. அதைக் கணினியில் ஏற்றாமலே மெமரி கார்டை அழித்துவிட்டேன். பழைய கார்டு என்று நினைத்து ஒரு பட்டனை அழுத்தினேன், அவ்வளவுதான். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் புண் ஆறிவிட்டது. "ஸ்டுடியோ தம்பி, வந்து பாருங்க, தோல் மூடிடுச்சு. இன்னும் ஒரு வாரம் ஜாக்கிரதையா இருந்தா வேலைக்கே போயிடலாம்," என்றார் நர்ஸம்மா. எல்லோருக்கும் சந்தோஷம். நான் அந்தக் காலைப் படம் எடுத்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. முன் படம் இல்லாவிட்டால் அது யாரோ ஒருத்தியின் குதிகால், அவ்வளவே. உதவி செய்யக்கூடியவர்களைக் கூட்டிப் படங்களைக் காட்டும் கண்காட்சிக்கு நாள் குறித்தாயிற்று. நர்ஸம்மா அதைத்தான் மலைபோல நம்பியிருந்தார்.

"வேற யார் புண்ணையாவது போட்டுருங்க. குதிகாலைப் பார்த்து யாரு ஆளைக் கண்டுபிடிக்கப் போறா?" என்றான் கிளிசரின்காரன். எனக்கு அருவருப்பாக இருந்தது. அது மோசடி.

மறுநாள் மகள் வேலைக்குப் போயிருந்த நேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். ஓரத்தில் செத்த தோலை எடுக்க நர்ஸம்மா அனுப்பினார் என்றேன். அக்கா காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். சர்க்கரையால் அந்தக் காலில் உணர்ச்சியே கிடையாது. வலிக்கும் என்றால் செய்திருக்கவே மாட்டேன். பாஸ்போர்ட் படத்தின் ஓரம் வெட்டும் சின்னக் கத்தியை வெந்நீரில் கழுவி எடுத்துப் போயிருந்தேன். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டேன். கடையில் தனக்காகத் தேய்க்கும் மேசையை ஜன்னலோரம் போட்டிருக்கிறார்களாம், அக்கா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா தம்பி?"

"இன்னும் கொஞ்சம்க்கா."

முதல் படத்தைவிட நன்றாக வந்தது. ஆனால் எனக்குத் தாங்கவில்லை. கொல்லைப்புறச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். அக்கா நொண்டிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்தார். "பாவம், உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல," என்று முதுகைத் தடவிவிட்டார். கட்டுப் போடாமல் காற்றாட விடும்படியும், கண்காட்சி முடியும்வரை நர்ஸம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். பார்த்தால் அவர் தேவையில்லாமல் கேள்வி கேட்பார்.

பின் படத்தை முதலில் எடுத்தேன், முன் படத்தை அடுத்து எடுத்தேன். வரிசை மாறியதால் உண்மை மாறிவிடாது. புண்ணும் அவருடையது, ஆறியதும் அவருடையது. கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் கண்ணைத் துடைக்காதவர்கள் இல்லை. இப்போது அந்த அறையில் அலமாரி நிறையப் பஞ்சு இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அதற்குள் அக்காவின் குதிகால் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தன் கைப்பிசகுதான் என்று நர்ஸம்மா அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்ததும், "தம்பி, உங்க படம் வீணாப் போச்சே," என்றார். பிறகு விஷம் ரத்தத்தில் ஏறி, போய்விட்டார்.

மகள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். "அம்மா மூஞ்சி இருக்கிற படம் ஒண்ணு இருந்தா குடுங்கண்ணே. எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல."

எல்லாவற்றையும் தேடினேன். குதிகால்தான் இருந்தது. வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. இருந்ததில் நன்றாக வந்த புண் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்ட ஃபிரேமில் கொடுத்தேன். அவள் கண்ணாடியின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இந்த ஓரத்துல இருக்கிற செருப்பு, கால் ஆறிடுச்சுன்னு நான் வாங்கிக் குடுத்தது."

அந்த ஓரத்தை நான் வெட்டியிருக்கலாம். உள்ளதை மறைப்பது எனக்குப் பிடிக்காது. எப்போது எடுத்தது என்று கேட்டாள், உள்ளபடி சொன்னேன். அவள் அதைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள். அந்த ஃபிரேமுக்கு நான் காசுகூட வாங்கவில்லை, சார்.