டைரியில் அம்மாவின் கையெழுத்து

குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில், கண்ணயர்ந்திருந்த என்னை எதிர் சீட்டுப் பெண்ணின் பேச்சு எழுப்பியது.

“என் கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. டீச்சருக்குத் தெரிஞ்சிக்கீது!”

“இன்னாக்கா சொல்ற?” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“தினம் வூட்ல அரைமணி நேரம் பாடம் சொல்லிக்குடுத்து, டைரியில கையெழுத்துப் போடணுமாம். நான் கார்மெண்ட்ஸ்லருந்து வர்றதுக்குள்ள பொண்ணு தூங்கிடுது. அதுவே என் பேரை எழுதிக்கினு போவுது.”

“டீச்சர் கண்டுபுடிச்சிட்டாங்களா?”

“எங்க? நேத்து லீவு போட வெச்சிக் கூப்ட்டாங்க. ‘இவ்ளோ அழகா எழுதுறியேம்மா, பொண்ணுக்கும் எழுதக் கத்துக்குடுக்கக் கூடாதா’ன்னு கேட்டு, அதை மக்குப் பசங்க ஸ்பெஷல் கிளாஸ்ல சேத்துட்டாங்க. நானே கைநாட்டு!”

“அதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லி? டீச்சரை எந்தக் கிளாஸ்ல சேக்கிறது?”