ஒரு வருடத் தள்ளுபடி

எனக்குப் பொய் சொல்ல வராது. டல்சா நகரத்தில் முப்பது வருடம் கல்லறை மனை விற்றவன். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

ஒரே மனையைப் பல பேருக்கு விற்றேன் என்பது வழக்கு. யாரும் உடனே குடியேறப் போவதில்லையே என்பது என் எண்ணம். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. ஃபெடரல் நீதிபதி எத்தனை வருடம் என்று சொல்வதுதான் பாக்கி. அதற்கு என்னைத் தயார்செய்ய என் வக்கீல், ராய்ஸ் டாக்கெட் என்பவரை அமர்த்தினார். ஜெயிலுக்குள் இருந்துவிட்டு வந்து, உள்ளே போகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவர்.

“குடிப்பழக்கம் உண்டா சார்?”

“தொட்டதே இல்லை.”

“அடடா, பாழாப்போச்சே. குடிகாரங்களுக்கு ஜெயில்ல ஒரு வகுப்பு இருக்கு. முடிச்சா ஒரு வருஷம் வரைக்கும் தள்ளுபடி. தீர்ப்புக்கு முன்னாடி உங்களைப் பத்தி விசாரிக்க ஒரு அதிகாரி வீட்டுக்கு வருவாங்க. சும்மா, குடிப்பேன்னு சொல்லிடுங்க.”

மற்றவர்களுக்கு இது கரும்பு தின்னக் கூலி. எனக்கோ அரசாங்கத்திடம் பொய் சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆகவே குடிக்கத் தொடங்கினேன்.

என் மனைவி வெர்னா பதறினாள். “இருமல் மருந்து குடிச்சாலே பாட ஆரம்பிச்சிடுவீங்க. இது தேவையா டெல்பர்ட்?”

“உனக்காகத்தான். ஒரு வருஷம் முன்னாடியே வீட்டுக்கு வந்துடுவேனே.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வருடத்துக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளே சோள விஸ்கி ஊற்றிக் கொடுத்தாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

அதிகாரி மிஸ் டன்லீவி வந்த அன்று, எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக இரண்டு கோப்பை போட்டிருந்தேன். வெர்னா அவருக்காகப் பீக்கன் பருப்புப் பலகாரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“குடிச்சா உங்களுக்கு என்ன ஆகுது, மிஸ்டர் ஸ்ட்ரௌட்?”

“மனசுல இருக்கறது வெளிய வந்துடும் மேடம். இப்ப பாருங்க, மாமியார் விஷயம்.”

நிதானமாகத்தான் சொன்னேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் மாமியார் படுத்திருப்பது ஓக் மரத்து நிழல், அருமையான இடம். ஹேட்சர் குடும்பத்துக்கும் நிழல்தான் வேண்டியிருந்தது, ஹேட்சரோ காத்திருக்கும் நிலையில் இல்லை. மாமியாருக்கு மேலே கொஞ்சம் ஆழம் மிச்சமிருந்தது. மேல்மாடியில் ஹேட்சரைக் குடிவைத்தேன். மாமியார் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஹேட்சரின் பெயர்ப்பலகையைச் சனிக்கிழமை அவர் வீட்டார் வருவதற்கு முன் வைப்பேன். ஞாயிறு வெர்னா பூவோடு வருவதற்குள் எடுத்துவிடுவேன். ஒரு வாரமும் தவறியதில்லை.

வெர்னா கத்தியைக் கீழே வைத்தாள். “இத்தனை வருஷமா நான் பூ வெச்சது யார் நெஞ்சு மேல?”

“நல்ல மனுஷன் வெர்னா. பல் டாக்டர்.”

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

“எழுதிக்கோங்க மேடம். இந்த மனுஷன் ஜென்மத்துல ஒரு சொட்டு குடிச்சதில்ல. இந்த நாத்தம் வாய் கொப்பளிக்கிற மருந்து. ஒரு நாள்கூடக் குறைச்சிடாதீங்க.”

மிஸ் டன்லீவி அப்படியே எழுதிக்கொண்டார். வெர்னா அன்றைக்கே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மனைகள், ஹேட்சர், பெயர்ப்பலகை எல்லாம் நான் செய்ததுதான்; மறுக்கவில்லை. ஆனால் அரசாங்க அதிகாரியின் முகத்தைப் பார்த்துக் கூசாமல் பச்சைப் பொய் சொல்கிற ஒருத்தியோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.