நாம் கழித்துவிட்ட காற்று

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, எங்கள் மூத்த ஆய்வாளர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் குடும்பத்தாரே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

புழுக்கமாக இருக்கிறது. ஜன்னலைத் திறக்கலாமே என்று சற்று முன் யாரோ சொன்னார்கள். ஒருவரும் எழுந்து போய்த் திறக்கவில்லை. ஏன் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குத் தெரிய வேண்டும்.

காற்று மாசு ஆய்வுப் பிரிவின் தலைவர், முதுநிலை ஆய்வாளர், முனைவர், எங்கள் அக்கா, இன்று நம்மிடையே இல்லை. எத்தனை பட்டங்களைச் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

அவருக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் துடைப்பம். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் மேசையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். அப்புறம்தான் வணக்கம். பெயர் அவர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? ஒருநாள் தொலைபேசியை எடுத்தேன். "துடைப்பம் பேசறேன். பம்பை யார் மூடாம வச்சது?" அப்படித்தான் கேட்டார். ஓடிப்போய்ப் பம்பை மூடினேன்.

எங்கள் வேலை என்ன? ஊரின் ஓரத்தில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை இருக்கிறது. அதைச் சுற்றிப் பம்புகள் வைத்திருக்கிறோம். பம்ப் காற்றை உறிஞ்சும். காற்று ஒரு வெள்ளை வடிதாளைக் கடந்து போகும். தாளில் தங்கிய தூசியில் எவ்வளவு ஈயம் என்று அளப்போம். அவ்வளவுதான் வேலை.

ஆனால் தாளைப் பிரிப்பதும் அளப்பதும் எங்கள் அறையில். எங்கள் அறையின் அழுக்கு ஊரின் தலையில் விழக் கூடாதல்லவா? அதற்காக அக்கா ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். கதவு, ஜன்னல் எல்லாம் மூடிய ஆய்வகத்துக்குள் இன்னொரு பம்ப் ஓடும். அதன் தாளுக்கு அறைத்தாள் என்று பெயர். அறைத்தாளில் தங்குவது எங்கள் குற்றம். ஊர்த்தாளின் அளவிலிருந்து அதைக் கழித்துவிடுவோம். மிஞ்சுவது ஊரின் காற்று.

எவ்வளவு நேர்மையான வழக்கம்! தன் வீட்டு அழுக்கை முதலில் சந்தேகிப்பவர் வேறு யார்?

அறைத்தாளில் ஆண்டுக்கு ஆண்டு ஈயம் ஏறியது. அக்கா துடைக்கச் சொன்னார். துடைத்தோம். மறுபடியும் ஏறியது. தரையைப் பெயர்த்தார். சுவருக்கு வண்ணம் மாற்றினார். செருப்பை வாசலில் விடச் சொன்னார். ஆய்வகத்தைத் துடைக்கும் அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னும் தேய்ச்சா சுவருக்கு அந்தப் பக்கம் தெரியும்க்கா. பரவாயில்லையா?"

"தெரியட்டும். தேய்."

சிரித்தோம். ஒவ்வொரு முறையும் அறையைப் பழித்தோம், கழித்தோம், கையெழுத்திட்டோம். காற்று பாதுகாப்பானது. காற்று பாதுகாப்பானது. அந்த அறிக்கையை நம்பி ஆலையின் பின்சுவரை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

சென்ற மாதம் ஆலை உலையைப் பழுதுபார்க்க நிறுத்தினார்கள். அதே வாரம் துடைக்கும் அம்மா மகள் பிரசவத்துக்குப் போயிருந்தார். நாங்கள் சோம்பேறிகள். மேசையில் பெயர் எழுதிப் பார்க்கும் அளவுக்குத் தூசி. அக்கா வந்தால் தொலைந்தோம் என்று இருந்தோம். அக்கா வந்தார். மேசையைப் பார்க்கவில்லை. கையில் அறைத்தாளின் முடிவு.

"யாராவது துடைச்சீங்களா?"

"இல்லக்கா. திட்டாதீங்க. இப்பவே துடைச்சிடறோம்."

"துடைக்காதீங்க! எதையும் தொடாதீங்க. இதுல ஈயமே இல்ல."

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூடிய ஜன்னலைப் பார்த்தார். அதன் விளிம்பில் ஒரு தாளைப் பிடித்தார். இடுக்கில் வந்த காற்றில் தாள் ஆடியது.

"அழுக்கு நம்மளோடது இல்ல. ஆலை ஓடினா ஏறுது, நின்னா இறங்குது. இத்தனை வருஷமா ஊர்க் காத்தையே ஊர்க் காத்துலேருந்து கழிச்சிருக்கேன்."

புரிகிறதா, நண்பர்களே? ஆலை அதிகம் கக்கினால் எங்கள் அறையும் அதிகம் நிறையும். அறை நிறைந்தால் அதிகம் கழிப்போம். அதிகம் கழித்தால் ஊர் சுத்தமாகத் தெரியும். காற்று கெடக் கெட, அறிக்கை நல்லதாகவே இருந்தது. இதைவிட அமைதியான பொறி உண்டா?

மேதை என்று அவரைப் புகழ்வீர்கள். புகழுங்கள். நான் புகழ்வது இதை: "கழிச்சிருக்கேன்" என்றாரே, "கழிச்சிட்டாங்க" என்று சொல்லவில்லையே! துடைக்கும் அம்மா திரும்பி வந்த அன்று முதல் வேலையாக அவரிடம்தான் போனார்.

"உன்னைத் திட்டினதெல்லாம் தப்பும்மா. காத்தைத் திட்டியிருக்கணும்."

"அப்ப நாளையிலேருந்து காத்தைத் துடைக்கணுமாக்கா?"

அக்கா சிரிக்கவில்லை.

அக்காவின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அந்தப் பள்ளிக்குத்தான். பிள்ளைகளுக்கு வேன் மாமா, எங்களுக்கும் மாமா. அன்று மாலை அக்காவை அழைத்துப்போக வந்தவரிடம் அக்கா எங்கள் முன்னாலேயே சொன்னார்.

"ஏங்க, லீவு முடிஞ்சதும் வண்டியை எடுக்காதீங்க."

"எடுக்காம? பெத்தவங்க வாசல்ல நின்னு கேப்பாங்களே. என்னன்னு சொல்றது?"

"காத்து சரியில்லன்னு சொல்லுங்க."

"நீதானே சரின்னு கையெழுத்துப் போட்ட? அவங்க அதைத்தான் கேப்பாங்க. எனக்கு ஒரு அளவு சொல்லு. எவ்வளவு கூடுதல்? அதைச் சொன்னா நம்புவாங்க."

அக்கா இயக்குநர் ஐயாவின் அறைக்குப் போனார். இன்னொரு முறை சரிபார்க்கச் சொன்னார்கள். நியாயம்தான். சரிபார்த்தார். குழு கூடட்டும் என்றார்கள். காத்திருந்தார். நிறுவனம் வெளியிடாத அளவைத் தன் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவருடைய ஒழுங்கு அப்படி. குழு கூடும் முன் அவர் மேசையிலேயே சாய்ந்துவிட்டார்.

இதயம் என்றார்கள். இருக்கலாம். ஈயம் இரத்த அழுத்தத்தைக் கூட்டும், இதயத்தைக் கெடுக்கும் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவர் அவர். அவர் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது? யாரும் பார்க்கவில்லை. நான் என் இரத்தத்தைக் கொடுத்திருக்கிறேன். முடிவு வரவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள் கொடுத்தீர்களா? இரவில் மரத்துப்போகும் விரல்களை, காரணமில்லாத வயிற்று வலியை, பிள்ளையின் மறதியை எதன் மேல் போட்டீர்கள்?

இன்று காலை உலையை மறுபடி மூட்டிவிட்டார்கள். வரும் வழியில் புகையைப் பார்த்தேன். நாளை பள்ளி திறக்கிறது.

நேற்று இயக்குநர் ஐயா என்னைக் கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னார். "குணத்தைப் பத்திப் பேசுங்க. அளவெல்லாம் வேண்டாம். துக்க நேரம்." அளவை விட்டுவிட்டு அக்காவின் குணத்தை எப்படிப் பேசுவது, ஐயா? அளவுதான் அவர் குணம்.

அக்கா பொறுத்திருந்தார். அவருடைய பொறுமையை வணங்குகிறேன். அதைப் பின்பற்ற மாட்டேன்.

மாமா, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். பள்ளி வாசலில் இருக்கும் எங்கள் பம்ப். எதையும் கழிக்காமல், அக்கா தன் கையால் மறுபடி போட்ட கணக்கு. அனுமதிக்கப்பட்ட அளவைப் போல ஏழு மடங்கு. ஏழு மடங்கு ஈயம், மாமா!

ஐயா எழுந்து நிற்கிறார். முடித்துவிடுகிறேன், ஐயா.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொல்லிப்போனீர்கள். நானும் சொல்கிறேன். நாளை காலை அக்காவின் பிரிவைச் சேர்ந்த நாங்கள் பள்ளி வாசலில் நிற்போம். இரத்தம் எடுக்கும் செவிலியர்கள் இருவர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பார்ப்போம். இனி எந்தத் தாளிலிருந்தும் எதையும் கழிக்க மாட்டோம். எங்கள் வேலை போகலாம். போகட்டும்.

இந்த மண்டபத்தில் பெற்றோர்கள் இருக்கிறீர்கள். ஆலையில் வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள். அந்த அளவு உங்கள் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. தெரியாது என்று சொல்ல இங்கே இனி ஒருவர்கூட இல்லை.

மாமா, காலையில் அவர்கள் கேட்பார்கள். சொல்லுங்கள்.