குண்டூசிகளைப் பிடுங்கிய உயிரியல் ஆசிரியருக்கு, அவரைச் சந்தேகித்தவர்கள் வாசித்தளிக்கும் மடல்

அருகில் வாருங்கள், கண்மணிகளே. நாற்காலி போதாவிட்டால் நெருங்கி உட்காருங்கள். கதைவகுப்பு எடுப்பவளிடம் பாராட்டு மடல் எழுதச் சொன்னால் கதைதானே கிடைக்கும்!

எலும்பிலும் எழில் கண்ட ஏந்தலே! தவளைக்கும் தயவு காட்டிய தகையோரே! திருச்சபையின் இப்பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் உயிரியல் உரைத்த உத்தமரே! உம்மை நாங்கள் முதலில் நம்பவே இல்லை.

பரிணாமப் பாடத்தின் பக்கங்களைக் குண்டூசியால் குத்தி மூடிவிடுவது அந்நாளில் நம் பள்ளி வழக்கம். ஆண்டவர் படைத்தார் என்று காலையில் ஜெபித்த பிள்ளை, மதியம் குரங்குக்கு உறவாகிவிடக் கூடாதல்லவா! நீரோ வந்த முதல் மாதமே நாற்பத்தொரு புத்தகத்து ஊசிகளையும் பிடுங்கி, தீப்பெட்டியில் போட்டுத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்தீர். “பிள்ளைங்க கையில குத்துது, மேடம்” என்றீர். அவ்வளவுதான் விளக்கம்.

அன்றே அவர் என்னை அழைத்தார். “கதைக்காரம்மா, பின் பெஞ்சில போய் உக்காருங்க. ஸ்வெட்டர் பின்னுற மாதிரி இருங்க. ஆண்டவர் இல்லன்னு சொல்றாரான்னு மட்டும் பாருங்க.”

உட்கார்ந்தேன். வௌவால் இறக்கையும் திமிங்கலத் துடுப்பும் நம் கையும் ஒரே எலும்படுக்கு என்று நீர் வரைந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். “அப்போ ஆதாம் பொய்யா, சார்?”

“எப்படின்னு நான் சொல்றேன். யாரு, எதுக்குன்னு கோயில்ல கேளு. ரெண்டையும் கேட்டுட்டு நீயே யோசி.”

நழுவுகிறார், நல்ல விலாங்கு என்று குறித்துக்கொண்டேன்.

நீர் இழுப்பறையைப் பூட்ட மறந்த ஒரு நாள், உள்ளே கை விட்டேன். வேதப்புத்தகம்! படைப்பைச் சொல்லும் முதல் அதிகாரம் முழுக்கச் சிவப்பு மையில் கேள்விகள். ‘சூரியன் நாலாம் நாள் என்றால், முதல் மூன்று நாளை எதை வைத்து எண்ணினார்கள்?’ திருடனைப் பிடித்த தெம்போடு நிர்வாகக் குழுவின் முன் கொண்டுபோய் வைத்தேன். உம் பணிநீக்கக் கடிதம் தயாராகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“இது உங்க எழுத்தா?” என்றார் தலைமையாசிரியை.

“புத்தகம் என் மேசையில இருந்துச்சு. அதுக்கு மேல கேக்காதீங்க.”

“வேலை போயிடும், சார்.”

“தெரியும், மேடம்.”

வீட்டில் உம் மனைவி நிறைமாதம். அதையும் நாங்கள் அறிவோம்.

அப்போது குழுத் தலைவராய் அமர்ந்திருந்த போதகர் எழுந்தார். “எழுத்து என்னுது. மூணு மாசமா சனிக்கிழமைதோறும் இவர்கிட்டதான் போய்க் கேக்குறேன். ஊழியத்தையே விட்டுடலாம்னு இருந்தேன். ‘ஆண்டவர் கேள்விக்குப் பயப்படுற ஆள் இல்ல, போதகரே’ன்னு இவர்தான் பிடிச்சு நிறுத்தினார். கடிதம் குடுக்குறதா இருந்தா ரெண்டா குடுங்க.”

தலைமையாசிரியை கடிதத்தை நான்காய் மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

மறுநாள் முகம் காட்டக் கூசி ஒதுங்கி நின்றேன். நீரோ, “என்ன கதைக்காரம்மா, வகுப்புக்கு வரல? ஸ்வெட்டர்ல ஒரு கை பாக்கி இருக்கே!” என்றீர். எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறீர், கள்ளரே!

மானம் காத்த மாண்பே! திமிங்கலத்தின் முப்பாட்டன் தரையில் நடந்தான் என்பதை இந்தக் கிழவி இன்றும் நம்பவில்லை. ஒரு சொல்லால் உலகைச் செய்தவருக்கு அத்தனை கோடி ஆண்டு எதற்கு என்று கேட்டால், “அவருக்கு என்னம்மா அவசரம்?” என்று சிரிக்கிறீர்; அந்தச் சிரிப்பிலும் எனக்கு ஐயமுண்டு. ஆனால் தன் பிழைப்பைப் பணயம் வைத்துப் பிறர் இரகசியம் காப்பவர், எவ்வழி வந்தவராயினும், ஆண்டவர் கைபட்டு வந்தவரே. அதில் எள்ளளவும் ஐயமில்லை.

கண்ணொளி குன்றாமல், கால்வலி அண்டாமல், துணையோடும் பிள்ளையோடும் நூறாண்டு வாழ்க! கேட்டிருந்த கண்மணிகளே, உங்கள் வீடுகளிலும் அடுப்பு அணையாதிருக்கட்டும். கேள்வி கேட்கும் பிள்ளை அடி வாங்காதிருக்கட்டும். யார்மீது விழுந்த சந்தேகமும் சாப்பாட்டு வேளைக்குள் தீரட்டும்!

இங்ஙனம்,
உம்மை வேவு பார்த்து, வெட்கி, பின் விரும்பிய
பள்ளிப் பணியாளர்கள்